டியூப் போடாமல் பார்க்க முடியாதா, டாக்டர்?

சளி இல்லை, இருமல் இல்லை, கைக்குழந்தைக்குக் காய்ச்சல் மட்டும் அனலாய் அடிக்கிறது. டாக்டர் யூரின் டெஸ்ட் எழுதுகிறார். கல்ச்சரில் கிருமி வளர்ந்துவிட்டால் மருந்தோடு ஸ்கேன் சீட்டும் சேர்ந்து வரும். பெற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது அங்கேதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், பொறுமையாகப் பார்ப்போம்.

சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய், சிறுநீர்ப்பையின் சுவருக்குள் சாய்வாகப் புகுந்து உள்ளே திறக்கிறது. பை நிரம்பினால் சுவரே அந்த வழியை அழுத்தி மூடிவிடும். சைக்கிள் டியூபின் வால்வு மாதிரி, உள்ளே போனது திரும்பாது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தச் சாய்வுப் பாதை குட்டை. ஒன்றுக்குப் போகும்போது நீர் மேல்நோக்கி ஏறும். கிருமியும் கூடவே ஏறினால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும். ‘ரிஃப்ளக்ஸ்’ என்று டாக்டர் சொல்வது இதைத்தான். 1 முதல் 5 வரை கிரேடு உண்டு. கீழ் கிரேடுகள் பெரும்பாலும் வளர வளரத் தானாகச் சரியாகிவிடும்.

முதலில் செய்வது சாதாரண அல்ட்ராசவுண்ட். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை, அம்மா மடியில் வைத்தே பார்த்துவிடலாம். சிறுநீரகத்தின் அளவு, வீக்கம் எல்லாம் தெரியும். ரிஃப்ளக்ஸ் மட்டும் பல நேரம் அதன் கண்ணில் படாது.

அதற்கென்று பல காலமாக இருப்பது எம்.சி.யு. கைக்குழந்தைக்கு மூக்கு வழியாகப் பால் புகட்டுவார்களே, அந்த வகை மெல்லிய டியூபைச் சிறுநீர் வரும் வழியாக ஏற்றி, பையை மருந்துநீரால் நிரப்பி, எக்ஸ்ரே மேஜையிலேயே குழந்தை ஒன்றுக்குப் போகும்வரை காத்திருந்து படமெடுப்பார்கள். சுற்றிலும் புது முகங்கள் நிற்க, நாலு வயசுப் பிள்ளையிடம் படுத்தபடியே போ என்றால் எப்படி வரும்?

இப்போது நுண்குமிழி முறை வந்திருக்கிறது. எக்ஸ்ரே மருந்துக்குப் பதிலாக, சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடு வாயு அடைத்த குமிழிகளைப் பைக்குள் விடுகிறார்கள். ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை, ஆனால் அல்ட்ராசவுண்டில் பளிச்சென்று தெரியும். பைக்கு மேலே குழாயிலோ சிறுநீரகத்திலோ அந்த மினுமினுப்பு தென்பட்டால் ரிஃப்ளக்ஸ். ஐரோப்பாவில் முன்பே புழங்கிய இந்த முறைக்கு அமெரிக்காவில் 2016-ல்தான் அனுமதி கிடைத்தது. ரிஃப்ளக்ஸ் வந்து வந்து போகிற சமாசாரம். எக்ஸ்ரேயை விட்டுவிட்டுத்தான் போடுவார்கள், இதில் நிறுத்தாமல் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஆனால் டியூப் அப்படியேதான் இருக்கிறது. கதிர்வீச்சு நம் கவலை. குழந்தை அலறுவது டியூபுக்கு. வலியில்லாத புதுமுறை என்று யாராவது விளம்பரம் செய்தால் இதை நினைவில் வையுங்கள்.

டியூபைத் தவிர்க்க எளிய வழி, தேவையில்லாதபோது சோதனையையே விட்டுவிடுவது. 2 மாதம் முதல் 2 வயது வரையிலான குழந்தைக்குக் காய்ச்சலோடு முதல் சிறுநீர்த் தொற்று வந்து, அல்ட்ராசவுண்டும் சரியாக இருந்தால் எம்.சி.யு.வை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011-ல் சொல்லிவிட்டது. 2014-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரிஃப்ளக்ஸ் உள்ள குழந்தைகளுக்குத் தினமும் ஆன்டிபயாட்டிக் கொடுத்ததில் மறுதொற்று பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை.

தழும்பைப் பார்க்க டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன். கொஞ்சம் கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துப் படம். மருந்தில் உள்ள டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். அசையாமல் படுக்க வேண்டுமே என்று மயக்க மருந்துக்குப் பயப்படுகிறீர்களா? பச்சைக் குழந்தை என்றால், பசிக்க விட்டு, ஸ்கேனுக்குச் சற்று முன் பாலூட்டி, துணியில் சுற்றிக் கிடத்தினாலே பெரும்பாலும் தூங்கிவிடும். ஸ்கேன் சென்டரில் கேட்டுப் பாருங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: “இந்த ரிசல்ட்டைப் பொறுத்து வைத்தியம் மாறுமா?” மாறாது என்றால் கொஞ்சம் பொறுக்கலாமா என்று பேசலாம். ஆனால் ஆண் குழந்தைக்குச் சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வந்து, அல்ட்ராசவுண்டில் பைச்சுவரும் தடித்திருந்தால், அடைப்பாக இருக்கலாம். அப்போது எம்.சி.யு.வைத் தள்ளிப்போடாதீர்கள்.