இணைப்புகளை விலைக்கு வாங்கலாமா?

புலம்பெயர்ந்த நாடுகளில் சிறு வணிகம் நடத்தும் எம்மவர் பலர் இன்று சொந்தமாக இணையத்தளமும் வைத்திருக்கின்றனர். பலகாரக் கடை, புடைவைக் கடை, மணவறை அலங்காரம், வாகனப் பயிற்சி, மொழிபெயர்ப்பு என எத்தொழிலாயினும், தளம் தொடங்கிச் சில வாரங்களில் முன்பின் அறியாதவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. வெளித்தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு இணைப்புகள் பெற்றுத் தருவோம், மாதக் கட்டணம் செலுத்தினால் கூகிள் தேடலின் முதற்பக்கத்தில் உங்கள் கடை நிற்கும் என்பதே அவற்றின் சாரம். ஐந்து டொலருக்கு ஆயிரம் இணைப்பு என்று கூவி விற்பவரும் உண்டு. ஒரேயொரு இணைப்புக்குப் பல நூறு டொலர் கேட்பவரும் உண்டு.

கடை வாடகை, சீட்டுக்காசு, ஊருக்கு அனுப்பவேண்டிய பணம் என ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கும் குடும்பங்களுக்கு இக்கட்டணம் சிறிதன்று. கட்டவேண்டியதில்லை என்பதே எமது கருத்து. ஆயினும் இணைப்பு என்றால் என்ன, அதற்கு ஏன் விலை வந்தது என்பதை அறிந்தபின் வாசகர்கள் தாமே முடிவு செய்வது நன்று.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாயிருந்த லாரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் 1998 இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையிலிருந்து இக்கதை தொடங்குகிறது. ஓர் ஆய்வு நூலைப் பிற அறிஞர் எத்தனைபேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக்கொண்டு அதன் மதிப்பை அளப்பதுபோல, ஓர் இணையப் பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக்கொண்டு அதனை மதிப்பிடலாம் என்று அவர்கள் கண்டனர். சுட்டும் பக்கத்தின் தகுதிக்கேற்பச் சாட்சியின் எடையும் கூடும், குறையும். மாப்பிள்ளை வீட்டாரின் பேச்சை மட்டும் நம்பாது அயலட்டையில் விசாரிக்கும் எமது வழக்கம் போன்றதே இது. சாட்சிக்கு மதிப்பு வந்ததும், கூலிக்குச் சாட்சி சொல்பவர்களும் முளைத்துவிட்டனர்.

கூலிச் சாட்சியால் பயனே இல்லை என்று கூறிவிட முடியாது. அமெரிக்காவின் பெரும் துணிக்கடை நிறுவனமான ஜே.சி. பென்னி, 2010 ஆம் ஆண்டின் பண்டிகைக்கால விற்பனை உச்சத்தில் இருந்தபோது, உடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என எதைத் தேடினாலும் கூகிளில் முதலிடத்தில் நின்றது. பல மாதங்கள் அந்நிலை நீடித்தது. 2011 பெப்ரவரியில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அதன் காரணத்தை ஆராய்ந்து வெளியிட்டது. துணிக்கும் தளபாடத்துக்கும் எவ்விதத் தொடர்புமற்ற ஏராளமான தளங்களில் அந்நிறுவனத்துக்கான இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. கூகிள் கைவைத்ததும், ஒரு பயணப்பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த அக்கடை இரண்டே மணி நேரத்தில் 71 ஆம் இடத்துக்கு வீழ்ந்தது. இணைப்புகள் தமது அனுமதியின்றி வைக்கப்பட்டவை என்று கூறிய நிறுவனம், தேடல் பணிக்கென வெளியே அமர்த்தியிருந்த ஆலோசகர்களை விலக்கியது. இவ்விடத்தை வாசகர்கள் கவனிக்கவேண்டும். வேலையை வெளியாருக்குக் கொடுத்தாலும், வீழ்ந்தது கடையின் பெயரேயன்றி வெளியாரின் பெயரன்று. பென்னி போன்ற நிறுவனத்துக்கு நாடெங்கும் கடைகள் இருந்தன. அடி விழுந்தாலும் எழுந்து நிற்கலாம். ஒரே கடையை நம்பி வாழும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை.

பிரித்தானியாவிலும் இதையொத்த ஒன்று நடந்தது. 2013 பெப்ரவரியில், அன்னையர் தினப் பூ விற்பனை நெருங்கிய வேளையில், இன்ரர்புளோரா என்னும் பூ வணிக நிறுவனம் கூகிளில் அதன் பெயரைக் கொண்டு தேடினாற்கூடக் கிடைக்காமற் போனது. பிராந்தியப் பத்திரிகைகளின் இணையப் பக்கங்களில் பணம் கொடுத்து வெளியிடுவித்த விளம்பரக் கட்டுரைகளே காரணம் என்று அக்காலச் செய்திகள் கூறின. (பத்திரிகை நடத்துவோருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் விற்றால், வாங்கியவருக்கும் விற்றவருக்கும் சேர்த்தே கெட்ட பெயர்.)

இன்றைய நிலை சற்று வேறு. விலைக்கு வாங்கிய இணைப்புகளைக் கண்டுபிடிப்பதற்காக 2012 இல் கொண்டுவரப்பட்ட பென்குயின் என்னும் முறை, 2016 முதல் தளத்தைக் கீழே தள்ளுவதை விடுத்து, அவ்விணைப்புகளைக் கணக்கில் எடுக்காமல் விடும் வழியைக் கைக்கொண்டது. 2022 டிசம்பரில் இவ்வேலை செயற்கை நுண்ணறிவின் துணையுடன் மேலும் விரிவாக்கப்பட்டது. மனிதர் பார்வையிட்டு விதிக்கும் தண்டனையும் இன்னும் உண்டு. எனினும் சிறு கடைக்காரர் பெரும்பாலும் சந்திப்பது தண்டனையை அன்று, வெறுமையையே. மாதாமாதம் பணம் போகும், இணைப்பும் எங்கோ ஒரு பக்கத்தில் இருக்கும், ஆனால் எண்ணப்படாது. எண்ணப்படவில்லை என்று எவரும் கடிதம் எழுதி அறிவிக்கப்போவதுமில்லை. எத்தனை இணைப்பு வைக்கப்பட்டது என்ற அறிக்கையை மட்டும் விற்பவர் தவறாது அனுப்பிவைப்பார்.

வெளியாருக்குப் பணம் கொடுப்பதே தவறென்று நாம் கூறவில்லை. வேலைக்குக் கூலி கொடுப்பது வேறு, சாட்சிக்கு விலை கொடுப்பது வேறு. உங்கள் தளத்தைத் திருத்தமாக எழுதுவதற்கும், நல்ல படங்கள் எடுப்பதற்கும், உள்ளூர் ஆங்கில, பிரெஞ்சுப் பத்திரிகைகளுக்கு உங்கள் கடையைப் பற்றித் தெரிவிப்பதற்கும் ஒருவரை அமர்த்தலாம். விளம்பர இணைப்பைக்கூட வாங்கலாம். அது பணம் பெற்று வைத்தது என்பதைப் பக்கத்தின் உட்குறியில் காட்டிவிட்டாற் போதும். இதற்கென 2019 இல் கூகிள் தனிக் குறியொன்றை அறிமுகப்படுத்தியது. அக்குறியிட்ட இணைப்பு தேடலில் உங்களை உயர்த்தாது, ஆனால் பார்ப்பவர் அதைச் சொடுக்கிக் கடைக்கு வரக்கூடும். விளம்பரத்தின் வேலையும் அதுதானே.

மேலும், அயலில் உள்ளவரை நம்பி நடக்கும் கடைக்கு உலகெங்கும் இணைப்புகள் எதற்கு? உள்ளூர்த் தேடலில் கூகிள் பார்ப்பவை, தேடியதற்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் உள்ளது, எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றுமே என்று அந்நிறுவனமே கூறுகிறது. கூகிள் பிஸ்னஸ் புரொபைல் என்னும் பதிவுக்குக் கட்டணம் இல்லை. அதிற் சரியான முகவரி, தொலைபேசி எண், திறக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றை இடுவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. வீட்டிலுள்ள பிள்ளைகளே செய்து தருவார்கள். நகரசபையின் வணிகப் பட்டியல், உங்களுக்குப் பொருள் தரும் மொத்த வியாபாரியின் தளம், நீங்கள் உணவு வழங்கிய பழைய மாணவர் சங்கத்தின் நிகழ்ச்சிப் பக்கம் ஆகியவற்றில் உங்கள் பெயர் வருவது இயல்பான சாட்சி. வாடிக்கையாளரிடம் கருத்து எழுதும்படி கேட்பதில் வெட்கமில்லை. அதற்குப் பரிசோ விலைக்கழிவோ கொடுப்பது மட்டும் கூடாது.

ஏற்கெனவே ஒப்பந்தம் செய்தவர்கள், இதுவரை வைக்கப்பட்ட இணைப்புகளின் முழு முகவரிகளையும் எழுத்தில் கேட்டுப் பெறவேண்டும். அவற்றுள் சிலவற்றைத் திறந்து பார்த்தாலே தரம் விளங்கிவிடும். சூதாட்டத் தளத்துக்கும் மருந்து விற்பவருக்கும் நடுவே உங்கள் பலகாரக் கடை நின்றால், அடுத்த மாதக் கட்டணத்தை நிறுத்திவிடலாம். பட்டியலைத் தர மறுப்பாராயின் அதுவே போதிய விடை. சேர்ச் கொன்சோல் என்னும் இலவசக் கருவியில், உங்கள் தளத்தின்மேல் கூகிள் நடவடிக்கை எதுவும் எடுத்துள்ளதா என்று பார்க்கலாம். நடவடிக்கை இருந்தால் அவ்விணைப்புகளை அகற்றுவிக்கவேண்டும். அகற்ற முடியாதவற்றை எண்ணவேண்டாம் என்று கூகிளிடமே தெரிவிப்பதற்கு 2012 முதல் வழியுண்டு. இல்லையெனில் பெரும்பாலான தளங்களுக்கு அது தேவைப்படாது. தளப்பெயரின் பதிவும் கடவுச்சொற்களும் விற்பவரின் கையில் இருந்தால், கட்டணத்தை நிறுத்துமுன் அவற்றை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.