வானத்தினின்று வீழ்ந்தோர்

1960-ம் வருஷம் ஆகஸ்டு 16ந் தேதி காலையில், அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்துக்கு மேலே சுமார் 31,300 மீட்டர் உயரத்தில், பலூனில் தொங்கிய ஒரு திறந்த தொட்டிலின் வாயிலில் ஜோஸப் கிட்டிங்கர் என்னும் ஆகாயப் படைக் காப்டன் நின்றுகொண்டிருந்தார். அவருடைய வலது கை இரு மடங்காக வீங்கிப் பயனற்றுப் போயிருந்தது. ஏறும் வழியிலேயே அந்தக் கையுறையில் காற்றழுத்தம் நிற்கவில்லை என்பதை அவர் கண்டுகொண்டார். கண்டும், கீழேயிருந்த வைத்தியர்களுக்கு உடனே அறிவிக்கவில்லை. அறிவித்தால் இறங்கி வரும்படி உத்தரவு பிறக்கும் என்பது அவருக்குத் தெரியும். உச்சியை அடையும் தறுவாயில்தான் வாய் திறந்தார், பிறகு குதித்தார். 4 நிமிஷம் 36 விநாடி வீழ்ந்தார். மணிக்கு 988 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். தரையில் இறங்கிய சில மணி நேரத்தில் கை பழைய நிலைக்கு வந்துவிட்டது.

உண்மையை மறைத்த இச் செய்கையைப் போற்றுவதா, கண்டிப்பதா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயஸ்தலத்தில் இதற்கு ஒரு கடுமையான பெயர் உண்டு. ஆனால் அவர் விளையாட்டுக்காக அங்கே ஏறவில்லை என்பதை மறக்கலாகாது. ஜெட் விமானங்கள் நாளுக்கு நாள் உயரப் பறக்கத் தொடங்கிய காலம் அது. அவ்வளவு உயரத்தில் விமானம் பழுதாகி விமானி வெளியே குதிக்க நேர்ந்தால், அவன் உயிரோடு பூமிக்கு வந்து சேருவானா என்பது அப்பொழுது ஒருவருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதை அறியவே எக்ஸெல்ஸியர் என்ற பரீக்ஷைகள் ஏற்பட்டன.

ஆபத்து எங்கேயிருக்கிறது என்பதைச் சிறிது விளக்குவோம். முப்பத்தோராயிரம் மீட்டரில் நிற்பவனுக்கு, காற்று மண்டலத்தில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு காலுக்குக் கீழே கிடக்கிறது. சுமார் 19,000 மீட்டரைத் தாண்டிவிட்டால், நம் தேகத்தின் சாதாரண உஷ்ணமே தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அழுத்தமுள்ள உடுப்பு இல்லாதவன் சில விநாடிகளில் பிரக்ஞை இழப்பான். தடுப்பதற்குக் காற்றில்லாமையால் வீழ்கிறவனின் வேகம் கணத்துக்குக் கணம் ஏறிக்கொண்டே போகிறது. கீழே காற்று அடர்த்தியான பிறகே அது குறைகிறது. வேகத்தை விடக் கொடியது சுழற்சி. தாழ்ந்த ஆகாயத்தில் குதிப்பவன் கையையும் காலையும் அசைத்துத் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளலாம். மேலேயோ பிடித்துக்கொள்ளக் காற்றே கிடையாது. உடல் பம்பரம்போல் சுழலத் தொடங்கினால் இரத்தம் தலைக்குப் பாய்ந்து மூளையைக் கெடுத்துவிடும். 1959 நவம்பரில் செய்த முதல் பரீக்ஷையில் கிட்டிங்கருக்கே இது நேர்ந்தது. நிலைநிறுத்தும் சிறு பாராசூட் காலத்துக்கு முன்பே விரிந்து அவர் கழுத்தைச் சுற்றிக்கொண்டது. நிமிஷத்துக்குச் சுமார் 120 முறை சுழன்று அவர் நினைவிழந்தார். தானாக விரியும் அவசரப் பாராசூட்டே அவரைக் காப்பாற்றியது. அப்படிப் பிழைத்த மனிதர் மீண்டும் இரு முறை ஏறினார்!

எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 1962 நவம்பர் 1ந் தேதி ருஷியாவில் ஒரே பலூனில் இருவர் ஏறினர். யெவ்கெனி ஆந்திரேயெவ் 25,458 மீட்டரில் குதித்து, சிறு பாராசூட்டின் உதவியுமின்றி 24,500 மீட்டர் தூரம் வீழ்ந்து சுகமாக இறங்கினார். அவருடைய தோழர் பியோத்ர் தோல்கோவ் இன்னும் உயரே சென்று வெளிப்பட்டபோது, தலைக்கவசத்தின் கண்ணாடி கூண்டில் மோதி விரிந்தது. உடுப்பிலிருந்த காற்று வெளியேறிற்று. அவருடைய பாராசூட் செம்மையாக விரிந்து, உயிரற்ற உடலைத்தான் தரையில் சேர்த்தது.

அமெரிக்காவில் நிக் பியாந்தானிதா என்ற லாரி ஓட்டி ஒருவர் இருந்தார். சர்க்கார் உத்தியோகமோ படையின் ஆதரவோ அவருக்கு இல்லை. 1966 பிப்ரவரியில் அவர் 37,600 மீட்டருக்கு மேல் ஏறிவிட்டார். ஆனால் பிராணவாயுக் குழாயின் இணைப்பைக் கழற்ற முடியாமல், குதிக்காமலே கூண்டோடு இறங்க நேர்ந்தது. ஒரு சிறிய திருகு செய்த வேலையைப் பாருங்கள்! அடுத்த மே மாதம் முதல் தேதி மறுபடியும் ஏறுகையில் உடுப்பின் அழுத்தம் திடீரென்று போயிற்று. மூளைக்குப் பிராணவாயு கிட்டாமல் நினைவிழந்த அவர், நினைவு திரும்பாமலே நான்கு மாதத்தில் மாண்டார்.

இதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் கிட்டிங்கரின் உயரத்தை ஒருவரும் மிஞ்சிக் குதிக்கவில்லை. மிஞ்சியவர் ஆஸ்திரியரான பெலிக்ஸ் பாம்கார்ட்னர். 2012 அக்டோபர் 14ந் தேதி, நியூ மெக்ஸிகோவிலுள்ள ராஸ்வெல்லிலிருந்து ஏறி, 38,969 மீட்டரில் குதித்து, மணிக்கு 1,357 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். தரையருகே சப்தத்தின் வேகம் 1,225 கிலோமீட்டர். மேலே குளிரின் காரணமாக அது சுமார் 1,090 ஆகக் குறைந்துவிடுகிறது. ஆகவே அவர் சப்தத்தின் வேகத்தில் ஒன்றேகால் பங்கு வேகத்தில், எந்த யந்திரத்தினுள்ளும் இல்லாமல், வெறும் உடுப்போடு வந்தார். விமானத்தில் சக் யேகர் முதன்முதலாகச் சப்த வேகத்தைத் தாண்டியதும் 1947-ல் அதே அக்டோபர் 14ந் தேதிதான். பாம்கார்ட்னரும் நடுவழியில் கொடிய சுழற்சியில் அகப்பட்டு, சொந்தச் சாமர்த்தியத்தால் மீண்டார்.

இத்தகைய வீரருக்கு எதனிடம் பயமென்றால், தாம் அணிய வேண்டிய அந்த உடுப்பினிடமே! அதனுள் மணிக்கணக்காக அடைபட்டிருக்கச் சகிக்காமல் 2010-ல் பயிற்சியை விட்டுத் தாய்நாட்டுக்கே திரும்பிவிட்டார். மனோதத்துவ நிபுணர் ஒருவரின் உதவியால்தான் அப் பயத்தை வென்றார். அன்று தரையிலிருந்து ரேடியோவில் அவருக்கு ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்த குரல் 84 வயதுக் கிட்டிங்கருடையது. தம் பெயரிலிருந்த பெருமையைப் பிறன் கைக்கு மாற்றிக் கொடுப்பதற்குத் தாமே துணை நின்ற பெருந்தன்மை, அன்று நடந்தவற்றில் நம் மனத்தை அதிகம் கவர்ந்தது.

செலவு முழுவதையும் ஏற்றது ரெட் புல் என்னும் பானக் கம்பெனி. ஒரு பானத்தின் விளம்பரத்துக்காக மனித உயிரைப் பணயம் வைப்பதா என்று பலர் முகம் சுளித்தனர். அந்த ஆக்ஷேபத்தை நாம் லேசாகத் தள்ள மாட்டோம். ஆயினும் எதிர்ப்பக்கத்துச் சாக்ஷியத்தையும் கேட்க வேண்டும். அம் முயற்சியின் வைத்தியத் தலைவர் டாக்டர் ஜோனதன் கிளார்க். 2003 பிப்ரவரி முதல் தேதி கொலம்பியா விண்கலம் சிதறியபோது, நம் நாட்டில் பிறந்த கல்பனா சாவ்லாவுடன் மாண்ட எழுவரில் அவருடைய மனைவி லாரல் கிளார்க்கும் ஒருவர். உயரத்தில் கலம் கெட்டாலும் அதிலுள்ளவர்கள் பிழைக்க வழியுண்டா என்ற கேள்வி அவருக்குப் பானத்தின் கேள்வியல்ல.

விளம்பரமே வேண்டாமென்று செய்தவரும் உண்டு. 2014 அக்டோபர் 24ந் தேதி, கூகிள் கம்பெனியின் உயர்ந்த உத்தியோகஸ்தர் ஆலன் யூஸ்டேஸ், தம் கம்பெனி அளிக்க முன்வந்த உதவியையும் மறுத்துவிட்டு, அதே ராஸ்வெல்லில் ஏறினார். கூண்டுகூட இல்லை, உடுப்போடு பலூனில் தொங்கிக்கொண்டே 41,419 மீட்டர் சென்றார். மணிக்கு 1,321 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினார். பாம்கார்ட்னரின் இறக்கத்தை ஒரே சமயத்தில் 80 லக்ஷம் பேர் பார்த்தனர்; இவருடையதைச் சிலரே கண்டனர்.

அப்படியானால் பாம்கார்ட்னரின் பதிவு அழிந்ததா? இங்கேதான் வக்கீல்களுக்கு வேலை. யூஸ்டேஸ் நிலைநிறுத்தும் சிறு பாராசூட்டை உபயோகித்தார். ஆகவே உயரம் அவருடையது, வேகம் பாம்கார்ட்னருடையது. பலூனில் ஏறிய உயரத்துக்கோ இருவரும் உரிமை கொண்டாட முடியாது. ஏறியவன் பலூனோடு இறங்க வேண்டுமென்பது விதி. அந்தப் பதிவு 1961 மே 4ந் தேதி 34,668 மீட்டர் சென்று மெக்ஸிகோ வளைகுடாவில் இறங்கிய மால்கம் ராஸ், விக்டர் பிராத்தர் இருவருடையது. ஹெலிகாப்டரில் தூக்கும்போது பிராத்தர் வழுக்கிக் கடலில் விழுந்தார். தலைக்கவசத்தின் முகப்பைத் திறந்திருந்தபடியால் உடுப்பில் நீர் புகுந்து மூழ்கி இறந்தார்.

கிட்டிங்கர் 2022 டிசம்பரில் 94 வயதில் காலமானார். பாம்கார்ட்னர் 2025 ஜூலை 17ந் தேதி இத்தாலியின் கடற்கரையோரத்தில், மோட்டார் பொருத்திய பாராகிளைடரில் பறக்கையில் விழுந்து இறந்தார்.