ஒரு பானைச் சோறும் ஆறு ஆட்டங்களும்

அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கிறது. அம்மா அகப்பையால் துழாவி ஒரு பருக்கையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பார்க்கிறார். உடனே பானையை இறக்கிவிடுகிறார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. பல்லாயிரம் பருக்கைகளைப் பற்றி ஒரே ஒரு பருக்கையைக் கொண்டு செய்யப்படும் முடிவு இது. பெரும்பாலும் இம்முடிவு தவறுவதில்லை. ஏன் தவறுவதில்லை என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே கொதி. போதாக்குறைக்கு அகப்பையால் கிண்டியும் விட்டிருக்கிறோம். ஆகவே ஒரு பருக்கைக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு மிகக் குறைவு. ஆனால், ஒவ்வொரு பருக்கையும் வெவ்வேறு அடுப்பில் வெந்ததாக இருந்தால்? அப்போது ஒரு சோறு பதம் சொல்லாது. ஆறு சோறும் சொல்லாது. இந்தச் சிக்கலில்தான் ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இரசிகர்கள் சிக்கித் தவிக்கிறார்கள். அவர்களுடைய தவிப்பில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

பருவத்தின் தொடக்கம்

கூடைப்பந்து கல்லூரியில் பிறந்த விளையாட்டு. 1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளரங்கில் விளையாடுவதற்கென்று இதை உருவாக்கினார். பீச் பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி, 13 விதிகளை எழுதினார். இன்று அமெரிக்கக் கல்லூரிகளின் முதல் பிரிவில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட ஆண்கள் குழுக்கள் ஆடுகின்றன.

ஆட்டப் பருவம் நவம்பர்த் தொடக்கத்தில் ஆரம்பமாகும். மார்ச்சு மாதத்திற்குள் ஒவ்வொரு குழுவும் ஏறத்தாழ 30 ஆட்டங்கள் ஆடிவிடும். பிறகு 68 குழுக்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, ஒரு முறை தோற்றாலும் வெளியேற வேண்டிய தேசியப் போட்டி நடைபெறும். நவம்பரில் ஆறு ஆட்டங்கள் முடிந்தவுடனேயே இரசிகர்கள் தீர்ப்பு எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஐந்து வெற்றி, ஒரு தோல்வி என்றால் கோப்பை நமக்கே என்பார்கள். இரண்டு வெற்றி, நான்கு தோல்வி என்றால் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு என்பார்கள். இந்தத் தீர்ப்புகளுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம்?

நாணயம் சொல்லும் கணக்கு

ஒரு நாணயத்தை ஆறு முறை சுண்டுங்கள். மொத்தம் 64 வகையான முடிவுகள் வரக்கூடும். அவற்றுள் ஒன்றில் ஆறும் தலையாக விழும். ஆறு வகைகளில் ஐந்து தலையும் ஒரு பூவும் விழும். ஆக, ஐந்தோ அதற்கு மேலோ தலை விழுவதற்கான வாய்ப்பு 64-ல் 7, அதாவது சுமார் 11 விழுக்காடு.

இப்போது 360 குழுக்களும் சமவலிமை உடையவை என்றும், ஒவ்வோர் ஆட்டத்தின் முடிவும் நாணயம் சுண்டியது போன்றது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானாலும் ஆறு ஆட்டங்களின் முடிவில் ஏறத்தாழ 40 குழுக்கள் ஐந்தோ ஆறோ வெற்றிகளுடன் தலைநிமிர்ந்து நிற்கும். இன்னொரு 40 குழுக்கள் ஐந்தோ ஆறோ தோல்விகளுடன் தலைகுனிந்து நிற்கும். முதல் நாற்பதின் இரசிகர்கள் பயிற்சியாளரின் மதிநுட்பத்தைப் புகழ்வார்கள். மற்ற நாற்பதின் இரசிகர்கள் அவரைத் தூற்றுவார்கள். உண்மையில் அங்கே மதிநுட்பமும் இல்லை, மடமையும் இல்லை. இருப்பது தற்செயல் ஒன்றே.

மெய்யான குழுக்கள் சமவலிமை உடையவை அல்லவே என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் வலிமையின் வேறுபாடும் தற்செயலும் ஒன்றாகக் கலந்துதான் முடிவு வருகிறது. ஆறு ஆட்டங்களைக் கொண்டு அவ்விரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதே நாணயம் சொல்லும் செய்தி.

தொலைவிலிருந்து எறியும் பந்து

கூடைப்பந்தில் தற்செயல் மிகுதியாக விளையாடும் இடம் ஒன்று உண்டு. வளைகோட்டுக்கு வெளியே நின்று எறியும் பந்து கூடையில் விழுந்தால் மூன்று புள்ளிகள். கல்லூரி ஆட்டங்கள் அனைத்துக்கும் 1986-87 பருவத்தில் இவ்விதி பொதுவாயிற்று. இத்தகைய எறிதல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றே கூடைக்குள் விழும். சராசரி 34 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்.

ஒரு குழு ஆட்டத்திற்கு 20 முறை இவ்வாறு எறிகிறது என்று கொள்வோம். ஆறு ஆட்டங்களில் 120 எறிதல்கள். அக்குழுவின் உண்மைத் திறமை 34 விழுக்காடு என்றால் சுமார் 41 பந்துகள் விழவேண்டும். ஆனால் புள்ளியியல் கணக்குப்படி, தற்செயலால் மட்டுமே இவ்வெண்ணிக்கை ஐந்து கூடவோ ஐந்து குறையவோ செய்வது சாதாரண நிகழ்ச்சி. எனவே அதே திறமை, 30 விழுக்காடாகவும் தோன்றலாம், 38 விழுக்காடாகவும் தோன்றலாம். முன்னதைக் கண்டவர் எறியத் தெரியாத குழு என்பார். பின்னதைக் கண்டவர் குறி தவறாத குழு என்பார்.

30 ஆட்டங்கள் முடிந்து 600 எறிதல்கள் ஆனபின் இந்த ஊசலாட்டம் இரு விழுக்காடாகச் சுருங்கிவிடும். எறிதல்கள் ஐந்து மடங்கு பெருகியும் பிழை ஐந்தில் ஒன்றாகக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே குறைகிறது. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் நான்கு மடங்கு ஆட்டங்கள் தேவை. உறுதியான அறிவு மெல்லத்தான் வரும்.

தனி ஆட்டக்காரரின் நிலை இன்னும் பரிதாபத்துக்குரியது. பதினெட்டு வயது முதலாண்டு மாணவன் ஒருவன், 34 விழுக்காடு திறமை உடையவன், முதல் சில ஆட்டங்களில் பத்து முறை எறிகிறான். அவற்றுள் ஒன்றோ பூஜ்யமோ மட்டுமே விழுவதற்கு எவ்வளவு வாய்ப்பு? கணக்கிட்டால் ஏறத்தாழ 10 விழுக்காடு வருகிறது. அதாவது அவனைப் போன்ற பத்து மாணவர்களுள் ஒருவன், எந்தக் குற்றமும் செய்யாமலே, கூட்டத்தின் கேலிக்கு ஆளாகிறான்.

யாரை வென்றார்கள்? எங்கே வென்றார்கள்?

தற்செயலை ஒதுக்கிவைத்தாலும் இன்னொரு தடை உண்டு. நவம்பர் மாத ஆட்டங்கள் ஒரே அடுப்பில் வெந்தவை அல்ல. பெரிய பல்கலைக்கழகங்கள் பருவத் தொடக்கத்தில் சிறிய கல்லூரிகளைப் பணம் கொடுத்துத் தம் ஊருக்கு வரவழைத்து ஆடுவது வழக்கம். பெரியவர்களுக்கு எளிய வெற்றி. சிறியவர்களுக்கு ஆண்டுச் செலவுக்குப் பணம். சொந்த அரங்கில் ஆடுவது மட்டுமே ஒரு குழுவுக்குச் சராசரியாக மூன்று புள்ளி அளவுக்கு அனுகூலம் தருகிறது. ஆகவே சொந்த ஊரில் எளியவர்களை வென்ற ஐந்து வெற்றிகளும், வெளியூரில் வலியவர்களை வென்ற ஐந்து வெற்றிகளும் பட்டியலில் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல.

எளியவர் என்று எண்ணியவரே வீழ்த்துவதும் உண்டு. 1982 டிசம்பர் 23 அன்று ஹவாயின் ஹானலூலு நகரில் நடந்ததைப் பாருங்கள். நாட்டின் முதலிடத்தில் இருந்த, அதுவரை தோல்வியே காணாத வர்ஜீனியா பல்கலைக்கழகக் குழு, ஷாமினாட் என்ற சிறிய கல்லூரியிடம் 77-72 என்று தோற்றது. வர்ஜீனியாவின் ரால்ஃப் சாம்ப்சன் 7 அடி 4 அங்குல உயரம் உடையவர். அந்நாளில் கல்லூரி ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர். அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் கண்டவர் வர்ஜீனியாவைப் பற்றி என்ன முடிவுக்கு வந்திருப்பார்? ஆனால் அதே குழு அப்பருவத்தை 29 வெற்றி, 5 தோல்வியுடன் முடித்தது. தேசியப் போட்டியில் இறுதி நால்வருள் ஒருவராகும் வாய்ப்பை ஒரே ஒரு புள்ளியில் இழந்தது. அன்று அதை வென்ற வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம்தான் 1983-ஆம் ஆண்டின் கோப்பையையும் வென்றது.

வேகம் செய்யும் மாயம்

எதிரிகளுக்கு ஆட்டத்திற்கு 80 புள்ளி விட்டுக்கொடுக்கிறார்கள், தடுப்பாட்டமே இல்லை என்று இரசிகர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. இங்கே ஒரு வகுத்தல் கணக்குத் தேவை. பந்து ஒரு குழுவின் கைக்கு வந்து, அவர்கள் அதை எறிந்தோ இழந்தோ முடிப்பதை ஒரு வாய்ப்பு எனலாம். வேகமாக ஆடும் குழு ஓர் ஆட்டத்தில் எதிரிக்கு 80 வாய்ப்பு தந்து 80 புள்ளி விட்டால், வாய்ப்புக்கு 1.00 புள்ளி. மெதுவாக ஆடும் குழு 62 வாய்ப்பு தந்து 70 புள்ளி விட்டால், வாய்ப்புக்கு 1.13 புள்ளி. குறைந்த புள்ளி கொடுத்த குழுவின் தடுப்பாட்டமே உண்மையில் மோசமானது! வண்டி குடித்த பெட்ரோலை மட்டும் சொல்லி, ஓடிய தூரத்தைச் சொல்லாமல் விடுவது போன்றதே புள்ளிகளை மட்டும் எண்ணுவது.

சராசரியை நோக்கித் திரும்புதல்

1886-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன், பெற்றோர்களின் உயரத்தையும் அவர்களுடைய வளர்ந்த மக்களின் உயரத்தையும் ஒப்பிட்டார். மிக உயரமான பெற்றோரின் மக்கள் உயரமாகவே இருந்தனர். ஆனால் சராசரியாகப் பெற்றோர் அளவுக்கு இல்லை. மிகக் குட்டையான பெற்றோரின் மக்களோ பெற்றோரைவிடச் சற்று உயர்ந்திருந்தனர். இரு சாராரும் பொதுச் சராசரியை நோக்கி நகர்ந்திருந்தனர். ஓரளவேனும் தற்செயல் கலந்த எந்த அளவையிலும் இது நிகழும்.

ஆறு ஆட்டங்களில் வியப்பூட்டிய குழு அடுத்த ஆறில் சற்றே சறுக்கினால், தலைக்கனம் என்பார்கள். படுமோசமாகத் தொடங்கிய குழு தேறினால், பயிற்சியாளர் திட்டியதன் பலன் என்பார்கள். திட்டாமல் இருந்திருந்தாலும் பெரும்பாலும் தேறியிருப்பார்கள் என்பதை எவரும் நினைப்பதில்லை.

இதை வைத்தே ஓர் எளிய திருத்தம் செய்யலாம். உங்கள் குழுவின் கணக்கில், சராசரிக் குழு ஆடியதாகக் கற்பனையாக ஆறு ஆட்டங்களை, மூன்று வெற்றி மூன்று தோல்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறில் ஐந்து வென்ற குழுவின் 83 விழுக்காடு, பன்னிரண்டில் எட்டு, அதாவது 67 விழுக்காடாக இறங்கும். அதே குழு முப்பதில் இருபத்தைந்து வென்றால், திருத்திய மதிப்பு 78 விழுக்காடு. மெய்யான ஆட்டங்கள் பெருகப் பெருகக் கற்பனை ஆட்டங்களின் பிடி தளர்கிறது. ஆறு என்ற எண் விளக்கத்திற்காகக் கொண்டதே; முறைதான் முக்கியம்.

வானிலை ஆய்வாளராகப் பணியாற்றிய கென் பாமராய் வெளியிடும் புகழ்பெற்ற தரவரிசையின் அடிப்படையும் இத்தகையதே. பருவத்துக்கு முந்தைய மதிப்பீட்டை அவர் முதல் நாளிலேயே தூக்கி எறிவதில்லை. ஆட்டங்கள் நடக்க நடக்க அதன் பங்கைப் படிப்படியாகக் குறைக்கிறார். ஆனால் அந்த முன்மதிப்பீடும் இப்போது முன்போல் எளிதன்று. 2021-ஆம் ஆண்டு விதி தளர்ந்தபின், கல்லூரி மாறும் ஆட்டக்காரர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஓராண்டில் பாதிக் குழுவே புதிதாகிவிடுவதும் உண்டு.

பின் எதைத்தான் பார்ப்பது?

தொடக்க ஆட்டங்கள் பயனற்றவை என்று கருதிவிடாதீர்கள். எதைப் பார்ப்பது என்பதே கேள்வி. வெற்றி தோல்வியைவிடப் புள்ளி வித்தியாசத்தைப் பாருங்கள். ஒரு புள்ளி வெற்றியும் இருபது புள்ளி வெற்றியும் ஒன்றல்ல. எறிந்த பந்து விழுந்ததா என்பதைவிட, எங்கிருந்து எறிந்தார்கள், நெருக்கடியின்றி எறிய இடம் கிடைத்ததா என்று பாருங்கள். பந்தைப் பறிகொடுத்தது எத்தனை முறை, கூடையில் படாது திரும்பிய பந்தைக் கைப்பற்றியது யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வோர் ஆட்டத்திலும் பல பத்து முறை நிகழ்வதால் உண்மையை விரைவில் காட்டிக்கொடுக்கும்.

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்காகவா என்று கேட்பீர்கள். அந்தத் தீர்ப்புகளில் மனிதர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது. சில வாரத் தோல்விகளால் பயிற்சியாளருக்கு வேலை போகலாம். பத்து எறிதல்களால் ஒரு மாணவன் ஆண்டு முழுதும் பெஞ்சில் உட்கார நேரலாம். நாமும் அப்படித்தானே செய்கிறோம்? முதல் மாதத் தேர்வைக் கொண்டு ஒரு பிள்ளையை மக்கு என்கிறோம். முதல் வாரத்தைக் கொண்டு புதிய ஊழியரைக் கெட்டிக்காரர் என்கிறோம்.

கனெக்டிகட் பல்கலைக்கழகக் குழுவின் கதையுடன் முடிக்கலாம். 2022 நவம்பரில், பருவத்துக்கு முந்தைய முதல் 25 குழுக்களின் பட்டியலில் அதற்கு இடமில்லை. ஆனால் முதல் 14 ஆட்டங்களையும் வென்றது. இரசிகர்கள் வானத்தில் மிதந்தார்கள். அடுத்த எட்டில் ஆறு தோல்விகள். எல்லாம் முடிந்தது என்றார்கள். 2023 ஏப்ரலில் அதே குழு இறுதி ஆட்டத்தில் 76-59 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. முதல் பட்டியலும் அவசரம், மிதந்ததும் அவசரம், அழுததும் அவசரம்.

அடுத்த முறை எவரைப் பற்றியேனும் தீர்ப்புச் சொல்ல நாக்குத் துடிக்கும்போது, கையிலிருக்கும் பருக்கைகள் எத்தனை, அவை ஒரே பானையில் வெந்தவைதாமா என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.