தப்பான ரீடிங்கை அழிக்காமல் விட்டார்கள்... நோபல் வந்தது! - ராமன் ஆய்வகத்தில் நடந்தது என்ன?

பிப்ரவரி வந்தாலே பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பிராக்டிக்கல் ஜுரம்தான். நிறமாலைமானி முன்னால் உட்கார்ந்து பாதரச விளக்கின் பச்சைக் கோட்டைத் தேடும் மாணவனுக்கு, கடைசியில் வர வேண்டிய விடை முன்பே தெரியும். 5461 ஆங்ஸ்ட்ராம். ஆனால், கணக்குப் போட்டால் 5800 வருகிறது. என்ன செய்வான்?

பலரும் செய்வதுதான். விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ரீடிங்கை 'சரிசெய்து' விடுவான். சீனியரின் ரெக்கார்டு நோட் கையில் இருந்தால் அந்த உழைப்பும் மிச்சம்!

முழு மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் 5800 ஏன் வந்தது? கருவியின் மட்டம் சரியில்லையா, கீற்றணி சாய்ந்திருந்ததா? அதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. நிஜ ஆய்வகத்தில் வேலை தொடங்குவதே அந்தக் கேள்வியில்தான்.

அதே பிப்ரவரியின் 28-ம் தேதியைத் தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடுகிறோம். 1928-ல் அந்த நாளில் சர் சி.வி.ராமன் 'ராமன் விளைவை' கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஏழு வருடக் கதை இருக்கிறது.

1921-ல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பிய ராமன், மத்திய தரைக்கடலின் நீலத்தைப் பார்த்து யோசித்தார். வானத்தின் நிறம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று பெரிய விஞ்ஞானியான ராலே சொல்லியிருந்தார். ராமன் தன்னிடம் இருந்த சிறிய நிக்கல் பட்டகத்தால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை மறைத்துப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரே ஒளியைச் சிதறடிக்கிறது! கொல்கத்தா திரும்பியதும் திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று மாணவர்களுடன் ஆராயத் தொடங்கினார்.

1923-ல் அவருடைய மாணவர் கே.ஆர்.ராமநாதன் செய்த சோதனை எளிமையானது. சூரிய ஒளியை ஊதா நிறக் கண்ணாடி வழியாகத் திரவத்துக்குள் அனுப்ப வேண்டும். வெளியே வரும் ஒளியை, ஊதாவைத் தடுத்துப் பச்சையை மட்டும் விடும் இன்னொரு கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். சிதறும்போது ஒளியின் நிறம் மாறாது என்றால், இரண்டாவது கண்ணாடிக்கு அப்பால் எதுவும் தெரியக் கூடாது.

தெரிந்தது. மிக மங்கலாக ஒரு வெளிச்சம்.

திரவத்தில் ஏதோ அழுக்கு இருக்கிறது, அதுதான் ஒளிர்கிறது என்பதே முதல் சந்தேகம். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். மறுபடி மறுபடி காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தினார்கள். வெளிச்சம் போகவே இல்லை. 'பலவீனமான ஒளிர்வு' என்று பதிவுசெய்தார் ராமநாதன். அது என்னவென்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. பிறகு அவர் வானிலைத் துறை வேலைக்குப் போய்விட்டார்.

இதுவே வகுப்பறையாக இருந்தால் அந்த ரீடிங் ரப்பருக்கு இரையாகியிருக்கும். இங்கே அது நோட்டில் ஐந்து வருடம் காத்திருந்தது.

அடுத்து வந்தவர் எஸ்.வெங்கடேஸ்வரன். அரசு வேலையில் இருந்துகொண்டு, ஓய்வு நேரத்தில் ஆய்வகத்துக்கு வந்தவர். கிளிசரினில் அவர் பார்த்த பச்சை வெளிச்சம் வழக்கமான ஒளிர்வு போல இல்லை. வலுவாக முனைவாக்கம் அடைந்திருந்தது. ராமனுக்குப் பொறி தட்டியது. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணனைச் சோதனையில் இறக்கினார்.

கிருஷ்ணனின் டைரி நமக்குக் கிடைத்திருப்பது பெரிய அதிர்ஷ்டம். நிஜமான ரெக்கார்டு நோட் எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. 1928 பிப்ரவரி 7 அன்று இரவு சுமார் ஒன்பது மணிக்கு, பரபரப்போடு ராமன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டதை அதில் எழுதியிருக்கிறார். 28-ம் தேதி நிறமாலைகாட்டியில் பார்த்தபோது, உள்ளே போன ஒளிக்கும் புதிய ஒளிக்கும் இடையே தெளிவான இருட்டு இடைவெளி தெரிந்தது. அழுக்கு அல்ல. சிதறும்போதே ஒளியின் நிறம் மாறியிருக்கிறது.

இன்னொரு சுவாரஸ்யம். ஏறக்குறைய அதே நாள்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவரும் குவார்ட்ஸ் படிகத்தில் இதே விளைவைப் பார்த்திருந்தார்கள். அவர்கள் தேடியது வேறொன்று! ராமன் அணியின் அறிவிப்பு முந்திக்கொண்டது. இந்த மயிரிழைப் போட்டிக்கெல்லாம் பாடப்புத்தகத்தில் இடமில்லை.

1930-ல் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் டிசம்பர் மாதம் ஆற்றிய நோபல் உரையில், 1923-ல் அந்த மங்கல் வெளிச்சத்தைக் கவனித்த ராமநாதனின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ராமன் மேலே போனார்.