கூடாரமும் உப்பளமும்

பட்டணவாசிக்கு மேனாட்டாரின் திறந்தவெளி வாழ்க்கையின் மீது ஒரு தீராத மோகம் உண்டு. தோளில் மூட்டை, மரத்தடியில் கூடாரம், இரவில் கணப்பு, தகரக் குவளையில் காப்பி! பள்ளி நாட்களில் ஆங்கிலக் கதைப் புத்தகங்களில் கண்ட இக்காட்சிகள் நரை கூடிய பிறகும் அவரை விடுவதில்லை. மாடி வீட்டுச் சாளரத்தருகே சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கனடா தேசத்து ஏரியில் மனத்தினால் படகோட்டுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இதை நாம் பரிகசிக்கப் போவதில்லை. ஆசை நல்ல ஆசைதான். நம் ஊர் மண்ணில் அது கால் வைக்கிறதா என்பதே கேள்வி.

இந்த மோகத்தின் மூலபுருஷர்களில் ஒருவர் ஹென்றி டேவிட் தோரோ. 1845ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி, அமெரிக்காவில் காங்கார்டு என்னும் ஊருக்கு அருகே, வால்டன் குளக்கரையில் தம் கையால் கட்டிய குடிலில் அவர் குடியேறினார். இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாக அங்கே வாழ்ந்தார். குளிர்காலத்தில் அக்குளத்து ஐஸை வெட்டியெடுக்க ஆட்கள் வந்தார்கள். அமெரிக்க ஐஸ் அந்நாளில் கப்பலேறிச் சென்னைக்கும் வந்துகொண்டிருந்தது. அதைச் சேமிக்க 1842இல் எழுந்த ‘ஐஸ் ஹவுஸ்’தான் கடற்கரையில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. சென்னைவாசிகள் தம் கிணற்று நீரைப் பருகுகிறார்கள் என்று, 1854இல் வெளிவந்த ‘வால்டன்’ நூலில் தோரோ வேடிக்கையாக எழுதியிருக்கிறார்.

அந்தச் சென்னைவாசி திறந்தவெளியைத் தேடிக் கடற்கரையோரமாகத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் போனால், விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் வரும். சென்னை வழியே வரும் பக்கிங்ஹாம் கால்வாயும் அங்கேதான் முடிகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளங்கள். உவர்நீரை முதலில் பெரிய பாத்திகளில் தேக்கி வெயிலில் காயவிடுகிறார்கள். சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்குத் திருப்புகிறார்கள். அடர்த்தி மானியில் 25 டிகிரியை நெருங்கும்போது கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கத் தொடங்குகிறது. நீண்ட கழியில் பொருத்திய பலகையினால் அதை வரப்புக்கு வாரிக் குவிக்கிறார்கள்.

வெயில் ஏறினால் வெள்ளைப் பாத்தி கண்ணைப் பறிக்கிறது. செறிந்த உப்புநீர் காலின் தோலை அரிக்கிறது. மேனாட்டு நூல்கள் புகழும் சூரியோதயமும் கடற்காற்றும் உப்பளத் தொழிலாளிக்கு இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் கூடாரக்காரர் அலுத்துவிட்டால் வீடு திரும்பலாம். இவர் எங்கே திரும்புவது? அவருக்கு மழை ஓர் அனுபவம். இவருக்கோ வடகிழக்குப் பருவமழை என்றால் பாத்தி மூழ்கி, வேலை நின்று, அடுப்பு எரிவதே சந்தேகமாகும் காலம். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் வழங்கும் திட்டத்தை 2022இல் தமிழக அரசு தொடங்கியது இதனால்தான்.

தோரோவை முழுதும் படித்தவருக்கு இவ்வாராய்ச்சி புதிதாகத் தோன்றாது. அவர் குளக்கரையில் பறவைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அடிமை முறைக்குத் துணைபோன அரசுக்கு வரி கொடேன் என்று மறுத்து, 1846இல் ஓர் இரவு சிறையிலிருந்தார். அந்த மறுப்பின் நியாயத்தை விளக்கி 1849இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் பகுதிகளைக் காந்தியடிகள் 1907இல் தென்னாப்பிரிக்காவில் தம் ‘இந்தியன் ஒப்பீனியன்’ பத்திரிகையில் எடுத்து வெளியிட்டார். 1930இல் தண்டியில் அடிகளும் வேதாரணியத்தில் ராஜாஜியும் உப்பெடுத்துச் சட்டத்தை மீறியது, ஏழையின் கஞ்சிக்கும் விதித்த வரியை எதிர்த்தே அன்றோ? வால்டன் குளக்கரைக்கும் நம் உப்பங்கரைக்கும் தூரம் அவ்வளவு அதிகமில்லை.

ஆகவே நேயர்கள் குடும்பத்தோடு மரக்காணம் போய் வரட்டும். அருகிலுள்ள கழுவெளி ஏரியில், 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே வந்திறங்கும் பூநாரைகளைக் குழந்தைகளுக்குக் காட்டட்டும். பிறகு உப்பள வரப்போரம் சற்று நின்று, பலகை இழுப்பவரிடம் கூலி என்ன, மழைக்காலத்துக்கு என்ன வழி, ஒதுங்க நிழலும் குடிக்க நல்ல தண்ணீரும் உண்டா என்று விசாரிக்கட்டும். திறந்தவெளியை நேசிக்கிறவர், அங்கே உழைக்கிறவரை அறியாதிருப்பது நியாயமாகாது.