யப்பானிய வெண்பனியும் நமது வயதும்

"ஆழமறியாமற் காலை விடாதே" என்பது கடலோரத்திற் பிறந்து வளர்ந்த நமக்கு முதியோர் முதன்முதற் புகட்டிய பாடமாகும். கொட்டியாரக்குடாவின் நீரோட்டத்தையும், உட்துறைமுகத்தின் ஆழத்தையும், வாடைக்காற்றின் சீற்றத்தையும் ஓரளவு அறிந்தவர் நாம். ஆயின், வெண்பனியின் ஆழத்தை நாம் அறியோம். அறியாத அதனிற் கால்வைக்க ஆசைகொண்டவிடத்து, அப்பழைய பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது.

கல்லூரியின் பழைய மாணவர் ஒன்றுகூடலொன்றில், மதிய விருந்து முடிந்து மரநிழலில் அமர்ந்திருந்த வேளை, கனடாவிலிருந்து வந்திருந்த நண்பரொருவர், "அடுத்த மாரியில் நாமெல்லோரும் ஒருங்குகூடி யப்பானுக்குச் சென்று பனிச்சறுக்குப் பழகினால் என்ன?" என்று கேட்டார். ஆறு கைகள் உயர்ந்தன. இருவர் திருகோணமலைவாசிகள், ஏனையோர் கனடா, இலண்டன், சிட்னி ஆகிய இடங்களில் வாழ்பவர். அறுவரும் அறுபத்தைந்தைத் தாண்டியவர். ஒரே வகுப்பிற் படித்தமையால் ஒருவர் வயதை மற்றவரிடம் மறைக்க வழியில்லை. ஆயினும் உலகுக்கு மறைக்கலாமென்று உள்ளூர எண்ணியிருந்தோம். பின்வந்த மாதங்களில் நாம் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றின் சாரம் ஒன்றே: இப்பிரயாணத்தில் வயதை எவரிடமும் மறைக்கலாகாது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

யப்பான் என்னும் பெயர் நமது பட்டினத்துக்குப் புதியதன்று. 1942 ஏப்ரல் 9 ஆம் நாள் காலை யப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின் மீதும் சீனன்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு பொழிந்த கதையைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு வளர்ந்தோம். அதே நாளில் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலும் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழிந்து, 1951 செப்டெம்பரிற் சான்பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற சமாதான மாநாட்டில், இலங்கை யுத்த நட்டஈடு கோராதென ஜே. ஆர். ஜயவர்த்தனா உரையாற்றினார். அன்று ஆகாயத்தை நோக்கி அஞ்சியவர்களின் பிள்ளைகள் இன்று அந்நாட்டு மலைக்கு விருந்தினராய்ச் செல்ல விழைவது காலத்தின் விந்தை எனலாம்.

அங்கே அத்துணைப் பனி பெய்வது ஏன்? இதற்கு விடை நமது வாடைக்காலத்திலேயே உண்டு. மாரியில் ஆசியப் பெருநிலம் குளிர்கிறது. அங்கிருந்து குளிர்காற்று கடலை நோக்கிப் புறப்படுகிறது. வங்காள விரிகுடாவின் மேலாக நம்மை நோக்கி வருவது ஈரத்தை வாரிவந்து கார்த்திகை, மார்கழியிற் பெருமழையாய்ப் பெய்கிறது. சைபீரியாவிலிருந்து யப்பானியக் கடலைக் கடந்து செல்வதும் அவ்வாறே ஈரத்தை அள்ளிக்கொண்டு, ஹொன்சூ, ஹொக்கைடோத் தீவுகளின் மலைமுதுகில் மோதி மேலெழுந்து, வெண்பனியாய்க் கொட்டுகிறது. நமது வீட்டுக் கூரையில் மழை கொட்டும் அதே காலத்தில் அவர்தம் கூரையிற் பனி குவிகின்றது. தன்மை வேறாயினும் தாய் ஒருத்தியே.

அப்பனியிற் சறுக்கும் கலையை அங்கு முறையாகக் கற்பித்தவர் ஓர் ஐரோப்பியர். 1911 சனவரியில், தியோடோர் வொன் லேர்ச் என்னும் ஒஸ்திரிய இராணுவ அதிகாரி, நீகாத்தா மாகாணத்தின் தக்காடாவில் யப்பானியப் படைவீரருக்கு இதனைப் பயிற்றினார். 1972 இல் ஹொக்கைடோவின் சப்போரோ நகரிலும், 1998 இல் நாகனோவிலும் மாரிகால ஒலிம்பிக் விழாக்கள் நடைபெற்றன. முதியோராகிய நமக்கு ஊக்கமளிக்கும் செய்தியொன்றும் உண்டு. மியூரா கெய்சோ என்னும் யப்பானியர் தமது 99 ஆவது வயதில் ஐரோப்பாவின் மொன்பிளாங்க் மலையின் பனியாற்றிற் சறுக்கினார். அவர் மைந்தர் மியூரா யூயிச்சிரோ 2013 இல், 80 ஆவது வயதில், எவரெஸ்ட் சிகரம் ஏறினார். ஆனால் அவர்கள் வாழ்நாள் முழுவதும் பனியிற் பழகியவர்கள். நாமோ பனியைப் படத்திற் கண்டவர்கள். அவர்தம் வயதை நமக்கு உதாரணமாகக் கொள்ளுமிடத்து, அவர்தம் பயிற்சியையும் சேர்த்தே கொள்ளல்வேண்டும்.

எங்கே செல்வது, எப்பொழுது செல்வது என்பன அடுத்த வினாக்கள். சனவரியும் பெப்ரவரியும் மிகச் சிறந்த பனிக்காலம் என்பர். ஆயின் குளிரும் கூட்டமும் அப்பொழுதே மிகுதி. சப்போரோவின் சனவரிச் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குச் சுமார் 3 பாகை கீழே. குளிரறியாத உடலுக்குப் பெப்ரவரிக் கடைசியும் மார்ச்சு முற்பகுதியும் ஏற்றவை. பகலும் நீளும், காற்றும் தணியும். ஹொக்கைடோவின் நிசெக்கோவும், நாகனோ மாகாணத்தின் ஹக்குபாவும் ஆங்கிலத்திற் கற்பிக்கும் ஆசிரியர் உள்ள இடங்கள். டோக்கியோவிலிருந்து அதிவேகப் புகையிரதத்தில் ஒன்றேகால் மணி நேரம் அளவிற் சென்றடையக்கூடிய யூசாவா, நெடுந்தூரம் அலைய இயலாதவர்க்கு உகந்தது. கவபத்தா யசுனாரியின் 'பனிநாடு' என்னும் நாவலின் களமும் அதுவே.

உயரத்தால் மூச்சுத் திணறுமோ என்று எம்முள் ஒருவர் அஞ்சினார். அவ்வச்சம் வேண்டியதில்லை. நிசெக்கோ மலையின் உச்சியே 1308 மீற்றர்தான். நமது நுவரெலியா நகரோ ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கே நமக்குப் பகை உயரமன்று. குளிரும், வழுக்கலும், களைப்புமே.

இனி வயதின் பேச்சுக்கு வருவோம். அதனை முதலிற் சொல்லவேண்டியது வைத்தியரிடம். இருதயம், குருதியமுக்கம், நீரிழிவு, முழங்கால், எலும்பின் வலிமை ஆகியவற்றைப் புறப்படுவதற்கு ஆறு மாதத்துக்கு முன்னரே சோதிப்பித்தல் நன்று. குறையிருப்பிற் சீர்செய்யக் காலமிருக்கும். அவர் உடன்பட்டபின் உடலைப் பயிற்றல்வேண்டும். சறுக்குவோருக்குத் தொடைத் தசையும் சமநிலையும் முக்கியம். நாற்காலியிற் கைபிடியாது எழுந்தமர்தல், சுவரருகே ஒற்றைக்காலில் நிற்றல் ஆகியவற்றை நாடோறும் பழகலாம். திருகோணமலையில் வாழும் எங்களிருவருக்குக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயில்வரை செல்லும் ஏற்றமே பயிற்சிக்கூடமாயிற்று. ஏறுவது மூச்சைப் பயிற்றும். இறங்குவது முழங்காலைப் பயிற்றும். தரிசனமும் கிட்டும்.

இரண்டாவதாக வயதைச் சொல்லவேண்டிய இடம் காப்புறுதிப் பத்திரம். சாதாரணப் பிரயாணக் காப்புறுதிகள் பலவற்றிற் பனிச்சறுக்கு அடங்குவதில்லை, தனியாகச் சேர்த்துக்கொள்ளல்வேண்டும். சிலவற்றில் வயதெல்லையும் உண்டு. முன்னிருந்த நோயை மறைத்துப் பெற்ற காப்புறுதி, வேண்டிய வேளையிற் பயன்படாது போகலாம். யப்பானிற் சுகாதாரக் காப்புறுதியில்லாத பிரயாணி வைத்தியசாலைச் செலவு முழுவதையும் தாமே செலுத்தல்வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை பெற்று, துணையோடு விமானத்தில் வீடு திரும்பும் செலவு, ஒருவர் ஆயுட்காலச் சேமிப்பைக் கரைத்துவிட வல்லது.

இவ்விடத்தில் எம் அறுவருள் நிகழ்ந்ததொன்றைக் கூறாதிருத்தல் நேர்மையாகாது. நண்பரொருவர் சில ஆண்டுகளுக்கு முன் இருதயக் குழாயிற் சிகிச்சை பெற்றவர். அதுபற்றிய வினாவுக்குப் பத்திரத்தில் 'இல்லை' என எழுதியிருந்தார். கேட்டபோது, "எழுதினால் என்னை விட்டுவிட்டுப் போய்விடுவீர்கள்" என்றார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் எம்முள் ஒருவர், "மச்சான், மலையில் உனக்கு ஏதும் நேர்ந்தால், உன் மனைவி முகத்தில் நாங்கள் எப்படி விழிப்பது?" என்று கேட்டார். அவர் அப்பத்திரத்தைக் கிழித்துவிட்டு, மறுவாரமே வைத்தியரைக் கண்டார். பிரயாணம் செய்யலாம், கடுங்குளிரிற் சறுக்குதல் கூடாது என்பதே வைத்தியரின் தீர்ப்பு. நாங்களோ அவரில்லாமற் போவதில்லை என்று தீர்மானித்தோம். ஆறு பேரும் செய்யத்தக்க பிரயாணமாக நமது திட்டம் மாறியது அன்றிலிருந்துதான்.

மருந்து கொண்டுசெல்வதிலும் கவனம் வேண்டும். வைத்தியர் எழுதிய மருந்துகளைச் சொந்த உபயோகத்துக்கு ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு கொண்டுசெல்லலாம். அதற்கு மேலாயின் முன்கூட்டியே யப்பானிய அதிகாரிகளின் அத்தாட்சிப் பத்திரம் பெறல்வேண்டும். நம்மூரிற் சாதாரணமாகத் தோன்றும் தடிமன் மருந்துகள் சிலவும் அங்கு தடுக்கப்பட்டவை. சூடோஎபெட்ரின் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேலுள்ளவை அத்தகையன. மருந்துகளை மூலப் பொதியிலேயே வைத்து, வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கைப்பையிற் கொண்டுசெல்க. இலங்கைக் கடவுச்சீட்டு உடையோர் புறப்படுமுன் வீசா பெறல்வேண்டும். கனடா, பிரித்தானிய, அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுடையோர் குறுகிய உல்லாசப் பிரயாணத்துக்கு வீசா பெறவேண்டியதில்லை. ஆதலின், கலந்து செல்லும் கூட்டத்தில் இலங்கையரின் வீசா கிடைத்தபின்னரே ஏனையோர் பணம் கட்டுதல் முறையாகும்.

மூன்றாவதாக வயதைச் சொல்லவேண்டியது, சறுக்குப் பலகைகளை வாடகைக்குத் தரும் கடையில். இதனைப் பலர் அறியார். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டு, விழும்போது தானே விடுபடவேண்டும். விடுபடாவிடின் முழங்கால் முறுகும். எவ்வளவு விசையில் அது விடுபடல்வேண்டும் என்பதை நிறை, உயரம், சப்பாத்தின் நீளம், திறமை, வயது ஆகியவற்றைக் கொண்டே கணிப்பர். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கு அப்பூட்டைச் சற்று இளக்கி வைப்பது முறை. வயதைக் குறைத்தோ திறமையைக் கூட்டியோ சொல்பவர், தமது முழங்காலுக்குத் தாமே பூட்டுப் போடுகிறார். அன்றியும், பல மலைகளில் முதியோருக்குக் கட்டணச் சலுகையும் உண்டு. கடவுச்சீட்டைக் காட்டினாற் பணமும் மிஞ்சும்!

மலையிற் கைக்கொள்ள வேண்டியவை சில. தலைக்கவசம் அணிக. முதல் மூன்று நாளும் ஆசிரியரிடம் கற்க. பச்சை நிறக் குறியிட்ட சரிவுகளே நமக்குரியன. சிவப்பும் கறுப்பும் வல்லோருக்கு. எல்லைக் கயிற்றைத் தாண்டற்க. நண்பகலோடு நிறுத்திக்கொள்க, "இன்னுமொரு முறை" என்னும் கடைசிச் சறுக்கலிலேதான் களைத்த கால் ஏமாற்றும். பருத்தி உள்ளாடை வியர்வையைப் பிடித்து உடலைக் குளிர்விக்கும், கம்பளியே நன்று. மேலுடைகளை அங்கேயே வாடகைக்குப் பெறலாம். சறுக்குதளத்தில் விழாதவரும் விடுதி வாசலில் வழுக்கி விழுவதுண்டு. சப்பாத்தின் அடியில் மாட்டும் முட்பட்டி வாங்கிக்கொள்க. பெரும் பொதிகளைச் சுமக்கவேண்டா. விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு அனுப்பிவைக்கும் 'தக்யூபின்' என்னும் சேவை அங்குண்டு. ஆபத்து வேளையில் அம்புலன்சுக்கு 119 என்னும் இலக்கத்தை அழைக்க. சைவ உணவினர், காய்கறிச் சூப்பிலும் மீன்சாறு கலப்பது அந்நாட்டு வழக்கமென்பதை மனத்திற்கொண்டு விடுதியாருக்கு முன்னரே எழுதுக.

மாலையில் 'ஒன்சென்' என்னும் வெந்நீரூற்றுக் குளியல் உண்டு. கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி முழுகியவர்க்கு வெந்நீரூற்று அதிசயமன்று. ஆனால் முறை வேறு. முதலில் வெளியே அமர்ந்து நன்கு கழுவிய பின்னரே தொட்டியில் இறங்கலாம். ஆண், பெண் தனித்தனியாக, ஆடையின்றியே குளிப்பர். கூச்சமுடையோர் குடும்பத்துக்கெனத் தனியறையுள்ள விடுதியைத் தேர்க. கடுங்குளிரிலிருந்து கடுஞ்சூட்டுக்குச் சட்டென்று மாறுவது குருதியமுக்கத்தைக் குலைக்கும். மதுவருந்திய பின்னரோ தனியாகவோ இறங்காது, சில நிமிடங்களில் மெல்ல எழுந்துவருதல் முதியோர் கடன்.

சறுக்காதவருக்கும் இன்பங்கள் பல. யமகாத்தா மாகாணத்துச் சாவோ மலையில், பனி மூடிப் பூதங்கள்போல் நிற்கும் மரங்களைக் கம்பிவட ஊர்தியில் அமர்ந்தவாறே காணலாம். நாகனோவின் ஜிகொக்குதானியில் வெந்நீரில் அமர்ந்திருக்கும் குரங்குகளைக் காணலாம். ஆயின் அங்கு செல்லக் காட்டுப் பாதையில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நடத்தல்வேண்டும்.

வருகின்ற மாரியில் நாம் அறுவரும் புறப்பட எண்ணியுள்ளோம். ஐவர் பச்சைச் சரிவில் விழுந்தெழுவோம். ஆறாமவர் அடிவாரத் தேநீர்ச்சாலையின் கண்ணாடி யன்னலருகே அமர்ந்திருப்பார். "எவரெவர் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கணக்கெழுத ஒருவர் வேண்டாமா?" என்கிறார் அவர். கல்லூரி நாட்களிலும் கிரிக்கெட் போட்டியில் ஓட்டக்கணக்கு எழுதியவர் அவரே. இளைய மாணவரே, உங்களுக்கும் ஒருநாள் இவ்வயது வரும். அன்று அதனை மறையாது, நண்பரொடு சேர்ந்து புறப்படுங்கள். அறுவராய்ச் சென்று அறுவராய்த் திரும்புவதே நாம் வேண்டும் வெற்றி.