975,000: பேசி முடித்த ஓர் எண்

மலையகத் தமிழரின் வரலாற்றில் தவிர்க்க முடியாத எண் 975,000. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரின் தொகை இது. 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்கும், மீதி 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவாயிற்று.

இந்த எண்களைப் பாடசாலைக் கணக்காக எடுத்து, பொதுக் காரணிகளுட் பெரியதைத் தேடினேன். 525,000இல் 300,000 கழிந்தால் 225,000. 300,000இல் 225,000 கழிந்தால் 75,000. 225,000இல் இது மூன்று முறையும் 150,000இல் இரண்டு முறையும் மீதியின்றி அடங்குகிறது. விடை 75,000.

அப்படியானால் 975,000 என்பது பதின்மூன்று பங்கு. இந்தியாவுக்கு ஏழு, இலங்கைக்கு நான்கு, ஒத்திவைத்தது இரண்டு. 1974 ஜனவரியில் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த இரண்டையும் நாட்டுக்கு ஒன்றாகப் பிரித்தனர். 7:4 என்பது 8:5 ஆனது.

எழுமாறாக எடுத்த ஓர் எண் 75,000ஆல் மீதியின்றி வகுபடுவதற்கு 75,000இல் ஒரு வாய்ப்பே உண்டு. தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. உள்ளபடி நிறுத்தால் நிறை இப்படி வட்டமாக வராது. ஒப்பந்தமே இத்தொகையை 'ஏறத்தாழ' என்றுதான் குறிப்பிடுகிறது.

மதிப்பீட்டை வட்டமாக்குவதில் தவறில்லை. மதிப்பீடு ஒதுக்கீடாக மாறியதே பிரச்சினை. பிரஜாவுரிமை வழங்குவதும் இந்தியாவுக்கு அனுப்புவதும் இதே விகிதத்தில் சேர்ந்து நகர வேண்டும் என்று இணங்கினார்கள். ஹட்டனில் நால்வர் இலங்கையராவது, ஏழு பேர் இந்தியராவதில் தங்கியிருந்தது. ஐந்து பேருள்ள குடும்பத்தை 7:4 என்று வகுக்க முடியாது. ஆனாலும் பல லயங்களில் அண்ணன் கப்பலேற, தம்பி இங்கே நின்றார். கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தவர்களுக்கும் அவர்களின் வழித்தோன்றல்களுக்கும் எந்த விகிதமும் இல்லாமல் பிரஜாவுரிமைக்கு வழிவிட்டது.

1977 வன்முறைக்குப் பின் மலையகக் குடும்பங்கள் பல வன்னியில் குடியேறின. அந்த வன்னியிலிருந்து வந்தது நாம் அறிந்த இன்னோர் எண்: 146,679. 2008 ஒக்டோபரில் கச்சேரிக் கணக்கின்படி கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் 429,059 பேர் இருந்தனர். 2009 யூலையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்திருந்தோர் 282,380 பேர். இரண்டுக்குமான வித்தியாசத்தை 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு முன் வைத்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அது யாரும் பேசி முடித்த தொகையல்ல, வெறும் கழித்தல்.

எங்களைப் பற்றி ஒரு தொகை சொல்லப்படும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எண்ணி வந்ததா, பேசி வந்ததா?